மெதுவாகத் தைப்பதற்கான வலிமை

தோலில் ஊசி இட்ட துளை மூடிக்கொள்வதில்லை. நெய்த துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிட்டு, ஊசி வெளியேறியதும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால், தவறிப்போன தையலைப் பிரித்து அதே கோட்டில் மறுபடியும் தைத்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. பதனிட்ட தோல் அப்படியன்று. கொலாஜன் என்னும் புரத இழைகள் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கும் பரப்பை ஊசி அறுத்துக்கொண்டே இறங்குகிறது, அறுந்தது ஒட்டுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்களில் காலணியின் மேற்பகுதியாகிய அப்பரைத் தைப்பவருக்கும், சென்னைப் பெரியமேட்டுப் பட்டறையில் பையும் பெல்ட்டும் தைப்பவருக்கும், ஒவ்வொரு குத்தும் திரும்பப் பெற முடியாத ஒரு முடிவாக அமைவது இதனால்தான். விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி ஓடும் கோடு வளைவில் சற்றே பிசகினாலும் அந்தத் துண்டு கழிவுக்குத்தான் போகும்.

ஆகவே தோல் தையலில் வேகம் ஒரு சிறப்பாகக் கொள்ளப்படுவதில்லை. சட்டை தைக்கும் ஜூக்கி டிடிஎல்-8700 போன்ற இயந்திரம் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடியது. ஊசி, பாதம், அடிப்பல் மூன்றும் சேர்ந்தே துண்டை நகர்த்தும் அமைப்புடைய, நடுத்தரக் கனத் தோலுக்குரிய டிஎன்யு-1541 இயந்திரத்தின் உச்சம் 2,500. சேணமும் தடித்த பெல்ட்டும் தைக்கும் டிஎஸ்சி-441 இயந்திரத்துக்கு 800 மட்டுமே. அந்த உச்சங்களைக்கூடத் தோல் தைப்பவர் தொடுவது அரிது. வேகம் கூடினால் உராய்வினால் ஊசி சூடேறுகிறது. 220 முதல் 260 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும் நைலான், பாலியஸ்டர் நூல்கள் ஊசிக்கண்ணிலேயே இளகி அறுகின்றன. தோலும் துளையைச் சுற்றிக் கருகுகிறது. தேவைப்படுவது எண்ணி எண்ணிக் குத்தக்கூடிய மெதுவான ஓட்டமும், அந்த மெதுவான ஓட்டத்திலேயே நான்கு மடிப்புத் தோலைத் துளைக்கும் வலிமையும் ஆகும். இந்த இரண்டையும் ஒருங்கே தருவது மோட்டாருக்கு எளிதன்று என்பதும், அந்த அருமையைப் பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண் சொல்லுவதில்லை என்பதும், மலிவான சர்வோ மோட்டார் தேடிச் செல்பவர் முதலில் அறியவேண்டியவை.

பழைய பவர் மெஷின்களின் மேசைக்கு அடியில் தொங்கும் கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்து அணைக்கும்வரை ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தூண்டல் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பவை மின்சாரத்தின் அலைவெண்ணும் சுருள்களில் அமைந்த காந்த முனைகளின் எண்ணிக்கையுமே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 2 முனை மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3,000 சுற்றும், 4 முனை மோட்டாரின் புலம் 1,500 சுற்றும் சுழல, சுழலி சற்றுப் பின்தங்கி முறையே 2,850, 1,440 என்ற அளவில் ஓடுகிறது. மிதியை அழுத்தும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கனத்த சக்கரத்தின் மேல் உராய்வுத் தக்கை பதித்த தட்டு ஒன்று போய் ஒட்டி, அதன் சுழற்சியைப் பெல்ட்டுக்குக் கடத்துகிறது. மிதியை விட்டால் தட்டு விலகி நிறுத்துப் பட்டையில் மோதுகிறது. மெதுவாகத் தைப்பதென்றால் தட்டு முழுதும் ஒட்டாமலும் முழுதும் விலகாமலும் வழுக்கிக்கொண்டிருக்கும்படி பாதத்தை வைத்திருக்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தில் இந்தக் கலையைக் கைவரப்பெற்ற தையற்காரர்கள், அல்லது கால்வரப்பெற்றவர்கள் என்றே சொல்லலாம், ஒற்றைக் குத்தாகத் தைப்பதைத் தோல் பட்டறைகளில் காணலாம். புதிதாக வருபவருக்கோ அந்த இயந்திரம் ஓடவே ஓடாது, அல்லது பாய்ந்து ஓடும்.

ஆயினும் கிளட்ச் மோட்டாரிடம் ஒரு செல்வம் இருக்கிறது. சுழலும் கனத்த சக்கரத்தில் சேமிக்கப்பட்ட ஆற்றலே அது. ஊசி தடித்த தோலில் முட்டி இயந்திரம் திணறும் கணத்தில் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பகுதி செலவாகி ஊசியை உள்ளே தள்ளிவிடுகிறது. சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் சேமிப்பு நூறில் ஒன்றாகிவிடும். இரண்டரைக் கிலோ எடையும் 8 சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட, எல்லா இடத்திலும் ஒரே கனமான ஒரு கைச்சக்கரத்தை எடுத்துக்கொண்டால், அது நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஏறத்தாழ 175 ஜூல் ஆற்றலைத் தாங்கியிருக்கும். நிமிடத்துக்கு 100 சுற்றில் அரை ஜூலுக்கும் குறைவாகவே தாங்கும். ஊசி 100 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 10 கிலோ எடைக்கு ஈடான அழுத்தத்தோடு, 8 மில்லிமீட்டர் கனத்தைக் கடப்பதற்கு 0.8 ஜூல் வேண்டும். விரைந்து ஓடும்போது இருநூறு குத்துக்கான ஆற்றலைக் கையில் வைத்திருக்கும் அதே சக்கரம், மெதுவாக ஓடும்போது ஒரு குத்துக்கும் போதாத வறுமையில் இருக்கிறது. தோல் தையலின் கடினமான கணம் உச்ச வேகத்தில் நேர்வதில்லை. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் குத்தில்தான் நேர்கிறது. எப்போதும் சுழலும் சக்கரம் இல்லாத மோட்டாரானால் அப்போது உதவிக்குச் சேமிப்பு இல்லை, முழு வலிமையையும் மோட்டாரே அந்தக் கணத்தில் ஈந்தாக வேண்டும்.

மிதியைத் தொடாதபோது அசையாமல் நிற்கும் சர்வோ மோட்டாருக்கு இந்தப் பொறுப்பு முழுவதும் வந்து சேருகிறது. சர்வோ என்னும் சொல் அடிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பும் தம் பொறிக்கு, மாலுமியின் கை சொல்வதை அப்படியே பின்பற்றுவது என்ற பொருளில், பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் பார்க்கோ இப்பெயரைச் சூட்டினார். அதைப் பற்றிய அவரது நூல் 1873-ல் வெளிவந்தது. இட்ட கட்டளையையும் நடந்த செயலையும் இடைவிடாமல் ஒப்பிட்டு, இடையிலுள்ள வேறுபாட்டைத் தானே திருத்திக்கொள்வது சர்வோவின் இலக்கணம். இந்த ஒப்பீட்டுக்குத் திரும்பி வரும் தகவலைப் பின்னூட்டம் என்பர். தையல் இயந்திரக் கடைகளில் இப்பெயரில் விற்பவற்றுள் பெரும்பாலானவை கார்பன் பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார்கள். சுழலியில் நிலைக்காந்தங்களும் வெளிக்கூட்டில் செம்புச் சுருள்களும் அமைய, எந்தச் சுருளில் எப்போது மின்னோட்டம் பாயவேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள மின்னணுச் சுற்று முடிவு செய்கிறது. அம்முடிவுக்குச் சுழலி எந்த நிலையில் நிற்கிறது என்பது தெரியவேண்டும். காந்தப்புலத்தில் வைத்த, மின்னோட்டம் பாயும் கடத்தியின் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றுவதாக 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் மூன்று சிறிய உணரிகள் அதைச் சொல்லுகின்றன.

இனி வாட் எண்ணுக்கு வரலாம். வாட் என்பது திறனின் அளவு. திறனோ முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கினால் வருவது. முறுக்குவிசை என்பது தண்டைத் திருகும் வலிமை. ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் ஒரு நியூட்டன் விசை கொடுத்துத் திருகினால் அது ஒரு நியூட்டன்-மீட்டர். தோலைத் துளைப்பது இந்த முறுக்குவிசைதானேயொழிய வாட் அன்று. 550 வாட் என்று எழுதிய ஒரு மோட்டார் அத்திறனை நிமிடத்துக்கு 3,000 சுற்றில் தருமானால் அதன் முறுக்குவிசை 1.75 நியூட்டன்-மீட்டர், அதே 550 வாட்டை 4,500 சுற்றில் தருமானால் 1.17 மட்டுமே. இரண்டு பெட்டியிலும் ஒரே எண் அச்சாகியிருக்கும், விலையும் அருகருகே இருக்கும், தோலின் முன்னால் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு வலியது. இதனினும் வியப்பானது, 373 வாட் மட்டுமேயுள்ள அரைக் குதிரைத்திறன் கிளட்ச் மோட்டார் 1,440 சுற்றில் 2.47 நியூட்டன்-மீட்டர் தருவது; தோல் பட்டறைக்கு வேகம் குறைந்த 4 முனை மோட்டாரும் துணி தைப்பதற்கு 2 முனை மோட்டாரும் என்ற பழைய பிரிவினைக்கு இக்கணக்கே அடிப்படை. ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதற்கேள்வி எத்தனை வாட் என்பதன்று, எத்தனை சுற்றில் அத்தனை வாட் என்பதாகும். பெயர்ப்பலகையில் இரண்டாவது எண் இல்லாத மோட்டாரின் முதல் எண்ணுக்குப் பொருளே இல்லை.

எவ்வளவு முறுக்குவிசை தேவை என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது, ஏனெனில் அது தோலின் கனம், பதனிட்ட முறை, ஊசியின் பருமன், ஊசி முனையின் வடிவம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரு பட்டறைக்கும் அடுத்த பட்டறைக்கும் வேறுபடும். ஆனால் அதை அளப்பது கடினமன்று. மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கைச்சக்கரத்தின் பெல்ட் பள்ளத்தில் ஒரு உறுதியான கயிற்றை ஒட்டுநாடாவால் பிணைத்து ஒருமுறை சுற்றி, அதன் மறுநுனியைப் பயணப்பெட்டி எடைபோடும் கைத்தராசின் கொக்கியில் மாட்டி, வழக்கமாகத் தைக்கும் தோலில் மிகத் தடித்த இடத்தை, எடுத்துக்காட்டாகப் பெல்ட்டின் கொக்கி மடிப்பையோ பையின் மூலையையோ, பாதத்துக்கு அடியில் வைத்து, சக்கரம் வழக்கமாகச் சுழலும் திசையில் மெல்ல இழுக்கவேண்டும். ஊசி தோலை முட்டித் துளைத்து இறங்கும்வரை தராசு காட்டும் உச்ச எடையே தேவையான அளவு. பள்ளத்தின் விட்டம் 100 மில்லிமீட்டராகவும் தராசு காட்டியது 6 கிலோவாகவும் இருந்தால், 59 நியூட்டன் விசை 5 சென்டிமீட்டர் ஆரத்தில் இழுத்திருக்கிறது, பெருக்கினால் 2.9 நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். இந்த ஒரு அளவு கையில் இருந்தால் விற்பவரின் சொல்வன்மைக்கு வேலை குறைந்துவிடும்.

ஊசித்தண்டை மேலும் கீழும் நகர்த்தும் சுழற்சிக்கை ஒரு நெம்புகோல் என்பதால், தராசு காட்டும் எடை ஒரே சுற்றுக்குள் ஏறி இறங்குகிறது. ஊசி மொத்தம் 35 மில்லிமீட்டர் ஏறி இறங்குமானால் அக்கையின் ஆரம் 17.5 மில்லிமீட்டர், உச்சியிலும் அடியிலும் சிறு முறுக்குவிசையே பெரும் விசையாக மாறும், நடுவழியிலோ அந்த ஆதாயம் மிகக் குறைவு. ஊசி தோலை முதலில் தொடுவது பெரும்பாலும் அந்த நடுவழிக்கு அருகில்தான். இயந்திரத்தின் மிக வலுவற்ற நிலையும் தோலின் மிக வலுவான எதிர்ப்பும் ஒரே கணத்தில் சந்திக்கும்படி அமைந்திருப்பதைத் தையல் இயந்திரத்தின் பிறவிக்குறை என்றே சொல்லவேண்டும். இந்த அளவீட்டைப் புதிய ஊசியோடு ஒருமுறையும் தேய்ந்த ஊசியோடு ஒருமுறையும் செய்து பார்ப்பது பயனுள்ளது. துணிக்குரிய உருண்டை முனை ஊசி தோலைக் குத்திப் பிளக்கிறது. தோலுக்குரிய வெட்டுமுனை ஊசியோ சிறு உளிபோல் அறுத்துக்கொண்டு போகிறது. முனை மாறினால் தராசின் எண் கண்ணெதிரே இறங்கும். சில ரூபாய் ஊசியில் தீரக்கூடிய குறைக்குச் சில ஆயிரம் ரூபாய் மோட்டார் வாங்கியவர்கள் உண்டு.

தேவை தெரிந்த பிறகு அதை மலிவாகப் பெறும் வழி, மோட்டாரில் இருப்பதைக் காட்டிலும் கடைக்காரர் எளிதில் காட்டாத ஒரு சிறு உருப்படியில், புல்லி எனப்படும் பெல்ட் கப்பியில், இருக்கிறது. மோட்டார்த் தண்டிலுள்ள புல்லி 50 மில்லிமீட்டரும் கைச்சக்கரத்தின் பள்ளம் 100 மில்லிமீட்டரும் இருந்தால், மோட்டார் இருமுறை சுற்றும்போது இயந்திரம் ஒருமுறை சுற்றும். வேகம் பாதியாகும், முறுக்குவிசை இரட்டிக்கும். மேலே கண்ட 2.9 நியூட்டன்-மீட்டர் தேவைக்கு இப்போது மோட்டாரிடமிருந்து 1.45 போதும். 3,000 சுற்றின் 550 வாட் மோட்டார் இதைத் தாங்கும். 4,500 சுற்றின் 550 வாட் மோட்டார் தாங்காது, முதல் குத்திலேயே முனகி நிற்கும். புல்லியை 40 மில்லிமீட்டராகச் சிறுத்தால் தேவை 1.16 ஆகக் குறைந்து, தோற்ற மோட்டாரும் விளிம்பில் வந்து நிற்கும். அதற்கும் கீழே சிறுத்துக்கொண்டே போக இயலாது. தையல் இயந்திரங்களில் பயன்படும் 10 மில்லிமீட்டர் அகல வி-பெல்ட் மிகச் சிறிய வட்டத்தில் வளைய மறுக்கிறது, புல்லியைத் தழுவும் பரப்பும் குறைகிறது, கடுமையான குத்தில் பெல்ட் வழுக்குகிறது. வழுக்கும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் மோட்டாரின் தாங்கி தேயும்.

அந்த எல்லைக்கு அப்பால் செல்ல வேண்டியவருக்கு வேகக் குறைப்புப் புல்லி உதவுகிறது. பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும் ஒரே தண்டில் கோத்த இந்த இடைநிலை அமைப்பை மேசைக்கு அடியில் பொருத்தி, மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட்டைப் பெரிய சக்கரத்துக்கும், சிறிய சக்கரத்திலிருந்து இன்னொரு பெல்ட்டைக் கைச்சக்கரத்துக்கும் விட வேண்டும். முதற்படியில் மூன்றுக்கு ஒன்று, இரண்டாம் படியில் இரண்டுக்கு ஒன்று எனக் குறைத்தால் மொத்தம் ஆறுக்கு ஒன்று. நிமிடத்துக்கு 200 சுற்றுக்குக் கீழே ஒழுங்காக ஓடத் தெரியாத மலிவு மோட்டார்கூட இப்போது இயந்திரத்தை நிமிடத்துக்கு 33 தையலில், ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒன்றாக, ஓட்டும். பெல்ட்களின் உராய்வு இழப்பை விட்டுவிட்டால் தேவையான 2.9-க்கு மோட்டாரிடம் 0.5 நியூட்டன்-மீட்டர் இருந்தால் போதும். விலையாகக் கொடுப்பது உச்ச வேகத்தை. 3,000 சுற்று மோட்டாரில் நிமிடத்துக்கு 500 தையலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நீண்ட நேர்க்கோடாக அப்பர் தைத்து எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவருக்கு அது நட்டம். பையும் பெல்ட்டும் சேணமும் தைப்பவர் அந்த வேகத்தைத் தேடவே மாட்டார். மோட்டாரில் ஒரு படி உயர்ந்ததை வாங்குவதா, குறைந்த விலை மோட்டாரோடு குறைப்புப் புல்லியைச் சேர்ப்பதா என்ற கேள்விக்குத் தோல் பட்டறையைப் பொறுத்தவரை இரண்டாவதே பெரும்பாலும் சரியான விடை.

புல்லியால் ஈடுசெய்ய முடியாத வேறுபாடு ஒன்று மோட்டாருக்குள் உண்டு. அது பின்னூட்டத்தின் நுணுக்கம். மலிவான மோட்டார் மேற்சொன்ன மூன்று ஹால் உணரிகளை மட்டுமே நம்பியிருக்கிறது. சுழலியில் நான்கு இணைக் காந்த முனைகள் இருக்குமானால் ஒரு முழுச்சுற்றில் அவ்வுணரிகள் 24 முறை மட்டுமே செய்தி அனுப்பும். மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்றில், இயந்திரம் அதில் பாதியாக 100 தையலில் ஓடும்போது, ஊசி தோலை ஊடுருவும் பொழுது ஒரு சுற்றின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 மில்லி விநாடி என்று கொண்டால், அதற்குள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வந்து சேருபவை ஐந்து செய்திகள்தாம். வேகம் குறைகிறது என்று பெட்டி உணர்ந்து மின்னோட்டத்தைக் கூட்டுவதற்குள் ஊசி பாதியில் நின்றுவிடுகிறது. பிறகு கூட்டிய மின்னோட்டம் வந்து சேர்ந்ததும் ஊசி வெடுக்கென்று பாய்கிறது. மலிவு மோட்டாரில் தைப்பவர்கள் குறைகூறும் அந்தத் திக்கலும் பாய்ச்சலும் இந்தத் தாமதத்தின் விளைவே. என்கோடர் என்னும் கருவி பொருத்திய மோட்டாரில், 360 கோடுகள் பொறித்த ஒரு தட்டு தண்டோடு சுழல, ஒளிக்கதிர் அக்கோடுகளின் விளிம்புகளை எண்ணி ஒரு சுற்றுக்கு 1,440 செய்திகள் தருகிறது. முன்பு ஐந்து செய்தி வந்த அதே 60 மில்லி விநாடியில் இங்கே 280-க்கு மேல் வந்துவிடும். தோலின் எதிர்ப்பை மோட்டார் அது தொடங்கும்போதே அறிந்துகொள்கிறது. கூடுதல் விலை எதற்குத் தகும் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அதிக வாட்டுக்கு அன்று, என்கோடருக்கே தகும்.

முறுக்குவிசை மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்திலும், சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பவும் வளர்வதை இங்கே சேர்த்து எண்ணவேண்டும். இருமடங்கு வலிமையைக் கேட்டால் நான்கு மடங்கு வெப்பம் பிறக்கும். சுழலியோடு சேர்ந்தே சுழலும் விசிறி, மெதுவான ஓட்டத்தில் காற்றைத் தள்ளாது. எனவே பெட்டியிலுள்ள சுற்று மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அது மீறப்பட்டால் மோட்டாரை நிறுத்திப் பிழைக்குறி காட்டுகிறது. ஒரே எண் அச்சிட்ட இரண்டு மோட்டார்களுள் செம்பும் காந்தமும் மிகுந்து எடை கூடியது வெப்பத்தை நெடுநேரம் தாங்கும். 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான நியோடிமியம் காந்தம் வலியது, பெரைட் காந்தம் மலிவானது. கூட்டைத் திறக்காமல் இவற்றை அறிய வழியில்லை என்றாலும், கையில் தூக்கிப் பார்ப்பது ஓரளவு துணைசெய்யும். கூட்டின் இரு பக்கத்தும் திருகுமூடியிட்ட கார்பன் பிரஷ் துளைகள் காணப்பட்டால் அது பழைய வகை நேர்மின் மோட்டார். கிளம்பும்போது அதன் வலிமை குறைவன்று. ஆனால் பிரஷ் தேயும், அத்தூள் உள்ளே படியும், தோல் ஒட்டும் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடிய பட்டறையில் பிரஷ் உதிர்க்கும் பொறி விரும்பத்தக்கதும் அன்று.

மிதி பற்றிப் பட்டியல்கள் பேசுவதில்லை, தைப்பவரோ நாள் முழுதும் அதோடுதான் பேசுகிறார். மிதி எவ்வளவு இறங்கினால் எவ்வளவு வேகம் என்பதைச் சில பெட்டிகள் சீராக ஏற்றுகின்றன. சிலவற்றில் முதற்பாதி மிதிக்கு ஒன்றும் நடக்காது, பிற்பாதியில் எல்லாம் நடக்கும். உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கும் குமிழ் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் தொடக்க வேகத்தைத் தனியே குறைக்கும் வசதியும், ஓட்டம் எவ்வளவு மெல்லக் கூடவேண்டும் என்பதை அமைக்கும் வசதியும் இருப்பதே தோலுக்கு ஏற்றது.

ஊசியை மேலோ கீழோ தானே நிறுத்தும் அமைப்பு துணிக்கு வசதி, தோலுக்கு ஏறத்தாழத் தேவை. மூலையில் துண்டைத் திருப்பும்போது ஊசி தோலுக்குள் ஊன்றியிருந்தால்தான் கோடு உடையாது. இங்கே வாங்குபவர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. மோட்டாரும் இயந்திரமும் ஒன்றுக்கு ஒன்றாகச் சுழலாதபோது, மோட்டாருக்குள் இருக்கும் உணரிக்கு ஊசி எங்கே நிற்கிறது என்பது தெரிய வழியில்லை. பெல்ட் சற்று வழுக்கினாலே கணக்குத் தவறிவிடும். எனவே கைச்சக்கரத்திலேயே பொருத்தும் தனி நிலை உணரி பெட்டியோடு வருகிறதா, குறைப்புப் புல்லி சேர்த்த பிறகும் அதன் சொற்படி பெட்டி இயங்குமா என்று கேட்டு உறுதி செய்யவேண்டும். பெல்ட்டே இல்லாமல் இயந்திரத் தண்டிலேயே மோட்டாரைக் கோத்த நேரடி வகையில் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் புல்லியால் கிடைக்கும் பெருக்கமும் அங்கே இல்லாமற்போவதால், தடித்த தோலுக்கு அது மலிவு வழியாகாது.

மின் செலவு பெரிதும் பேசப்படுகிறது. தையற்பணியில் ஊசி உண்மையாக ஓடும் நேரம் சிறிது, துண்டை எடுப்பதும் பொருத்துவதும் திருப்புவதுமே மிகுதி; அந்த நேரமெல்லாம் கிளட்ச் மோட்டார் வீணே சுழன்றுகொண்டிருக்கிறது. அப்படிச் சுழல்வதற்கு 200 வாட் என்றும் நாளில் 6 மணி நேரம் என்றும் கொண்டால், நாளொன்றுக்கு 1.2 யூனிட். ஒற்றை இயந்திரப் பட்டறைக்கு இது மோட்டார் விலையை விரைவில் மீட்டுத் தராது. வரிசையாக ஐம்பது இயந்திரம் ஓடும் காலணித் தொழிற்சாலைக்கு அது வேறு கணக்கு. இடைவிடாத இரைச்சல் அடங்குவதுதான் சிறு பட்டறை முதல் நாளே உணரும் ஆதாயம்.

பொருத்துவதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. மேசையின் அடியில் கிளட்ச் மோட்டார் தொங்கிய மூன்று திருகாணித் துளைகளிலேயே பெரும்பாலான சர்வோக்கள் அமர்ந்துவிடும், சுழலும் திசையை மாற்றும் வசதியும் பெட்டியில் இருக்கும். நில இணைப்பை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தைப் பெட்டி 325 வோல்ட் வரை நேர்மின்சாரமாக மாற்றி மின்தேக்கியில் வைத்திருப்பதால், செருகியைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடங்கள் வரை அதன் உட்பகுதி உயிரோடிருக்கும். உடனே திறக்கக் கூடாது.

கடையில் செய்யவேண்டிய சோதனையும் ஒன்றுண்டு. தம் தோலையும் தம் ஊசியையும் தம் நூலையும் எடுத்துச் சென்று, தம் இயந்திரத்தை ஒத்த ஒன்றில் வேகக் குமிழை அடிமட்டத்துக்கு இறக்கி, கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசி முனை தடித்த மடிப்பைத் தொட்டு நிற்கும்படி வைத்துவிட்டு, அந்த நிலையிலிருந்து மிதியை மெல்ல அழுத்தவேண்டும். சக்கரத்துக்குக் கையால் துணைசெய்யாமல் ஊசி இறங்குகிறதா, இறங்கிய பின் பாயாமல் அடுத்த குத்துக்குப் போகிறதா, பத்துக் குத்தைப் பார்வையாளர் ஒருவர் வாய்விட்டு எண்ண முடிகிறதா என்பவற்றைக் கவனித்தால் போதும். விற்பவர் மெல்லிய தோலில் உச்ச வேகத்தில் ஓட்டிக் காட்டுவதற்கு எந்தப் பொருளும் இல்லை. கடைசியாகக் கேட்கவேண்டியது உதிரிபாகம் பற்றியது. மோட்டாரின் இரும்பும் செம்பும் எளிதில் கெடுவதில்லை. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் முதலில் பழுதாவது கட்டுப்பாட்டுப் பெட்டி, அடுத்தது மிதியின் உணரி. அந்தப் பெட்டி தனியே விற்பனைக்குக் கிடைக்கும் மோட்டார் சற்று விலை கூடியதாக இருந்தாலும் மலிவானது. மோட்டாரோடு ஒரே கூட்டுக்குள் பெட்டியை அடைத்து, உள்ளே ஒரு சிறு டிரான்சிஸ்டர் எரிந்தாலும் முழுவதையும் புதிதாக வாங்கச் சொல்லும் வகை அப்படியன்று.